இரண்டு துரைமார் ஏறிய ரோல்ஸ் ராய்ஸ்

கிள்ளானில் வாகன உதிரிப்பாகம் விற்கும் எங்களுக்குப் பழைய கார் என்றால் எஞ்சின்தான் முதலில் கண்ணில் படும். அதில் யார் உட்கார்ந்து போனார் என்பதெல்லாம் பிறகுதான். பொன்விழா மலருக்கு வரலாறு ஒன்று எழுதித் தாருங்கள் என்று சங்கப் பெரியவர்கள் கேட்டபோது, நாங்கள் ஒரு காரையே எடுத்துக்கொண்டோம். மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஏறிச் சென்ற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ரெய்த் அது.

உலகப் போர் முடிந்ததும் 1946இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி கொண்டுவந்த முதல் மாடல் இதுதான். ஆறு சிலிண்டர், தொடக்கத்தில் 4257 சி.சி. கம்பெனி சேஸிஸை மட்டும் விற்கும். மேல்கூட்டை வாங்குபவர் தனிப் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். வசதிக்கும் கௌரவத்துக்கும் கட்டிய கார். துப்பாக்கிக் குண்டைத் தாங்குவதற்கு அல்ல.

சர் ஹென்றி கர்னி 1948 அக்டோபரில் இங்கு ஹைகமிஷனராக வந்தார். அதற்கு முன் அவர் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமைச் செயலாளர். 1948 மே மாதம் அந்த ஆட்சி முடிந்து பிரிட்டிஷார் வெளியேறும்வரை அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். அங்கே பற்றி எரிந்த நெருப்பைப் பார்த்துவிட்டு, அவசரகாலம் அறிவித்து நான்கு மாதம்கூட ஆகாத மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். 1951 ஏப்ரலில் உள்நாட்டுத் தலைவர்களுக்கும் நிர்வாகத்தில் பங்கு தரும் மெம்பர் முறை அவர் காலத்தில்தான் தொடங்கியது. அதில் கல்விப் பொறுப்பு ஒரு தமிழருக்குக் கிடைத்தது: இ.இ.சி. துரைசிங்கம்.

1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. கர்னி, அவர் மனைவி, அந்தரங்கச் செயலாளர் மூவரும் கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் புறப்பட்டார்கள். முன்னால் போலீஸ் லேண்ட் ரோவர், பின்னால் ஒரு கவச வண்டி. கூடவே வந்த வயர்லெஸ் வேன் வழியில் பழுதாகி நின்றது. கர்னி காத்திருக்கவில்லை. கோல குபு பாருவைத் தாண்டி கேப் நோக்கி ஏறும் வளைவில், லுஹர் வேளையில், சியு மா தலைமையில் மறைந்திருந்த 38 கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். டிரைவர் மீதும் குண்டு பாய்ந்தது. கர்னி கதவைத் திறந்து இறங்கிச் சாலையோரத்தை நோக்கி நடந்தார்; அங்கேயே விழுந்தார். குண்டுகளைத் தம் பக்கம் இழுத்து மனைவியைக் காப்பாற்றவே அப்படி நடந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மனைவியும் செயலாளரும் காருக்குள் குனிந்து கிடந்து பிழைத்தார்கள். கர்னி வருவது தம் ஆட்களுக்குத் தெரியாது என்றும், அது தற்செயல் என்றும் சின் பெங் பிற்காலத்தில் எழுதினார். கர்னியின் கல்லறை செராஸ் சாலையில் இருக்கிறது. பினாங்கு கர்னி டிரைவில் பசியாறப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரியுமோ!

1952 பிப்ரவரியில் வந்தவர் சர் ஜெரால்ட் டெம்ப்ளர். துளைகளை அடைத்துப் பழுதுபார்த்த அதே காரில் அவரும் ஏறினார். எங்களைக் கேட்டால், பயம் இல்லை என்று ஊருக்குக் காட்ட அதைவிட நல்ல வழி அவருக்கு இருந்திருக்காது. ஆனால் அந்தத் துணிச்சலோடு கடுமையும் வந்தது. மார்ச் மாதம் தஞ்சோங் மாலிம் அருகே குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவர்கள் கொல்லப்பட்டபோது, ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கையும் குறைத்தார். யார் செய்தார்கள் என்று தெரியாத குற்றத்துக்கு எல்லார் வயிற்றிலும் தண்டனை. அது நியாயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில்தான் காரின் கதை நம் மளிகைக் கடை வாசலுக்கு வருகிறது. உணவுக் கட்டுப்பாடு இருந்த பகுதிகளில் கடைக்காரர் சரக்குக் கணக்கு எழுத வேண்டும். வாங்கியவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் குறிக்க வேண்டும். சார்டின் டின்னோ பால் டின்னோ, விற்கும்போதே துளைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும் என்பது கணக்கு. ஒரு பக்கம் சர்க்காரின் சட்டம், மறுபக்கம் இரவில் வந்து அரிசி கேட்கும் துப்பாக்கி. இரண்டுக்கும் நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களை எந்த கவச வண்டியும் பின்தொடரவில்லை.

டெம்ப்ளர் 1954இல் நாடு திரும்பினார். துரைமார் இருவரும் குடியிருந்த கிங்ஸ் ஹவுஸ், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஏரித் தோட்டத்துப் பக்கம், ஸ்ரீ நெகாரா என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. 1957 ஆகஸ்ட் 5 அன்று மெர்டேக்கா ஒப்பந்தம் கையெழுத்தானதும் அங்கேதான். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது.

அந்தக் காலத்துக் கடைக் கணக்குப் புத்தகமோ, பங்கு அட்டையோ, பழைய அடையாள அட்டையோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், கரையான் தின்னுமுன் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.