ஒரு நாள் மழையும் நூறாண்டு வெப்பமும்

தம்பானூரில் தண்ணீர் தேங்கினால் திருவனந்தபுரத்தில் அது செய்தியாகிவிடும். தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த தாழ்வான பகுதி அது. வெள்ளத்தில் நடக்கும் பயணிகளின் படம் மறுநாளே நாளிதழில் இடம்பெறும். மழை விட்டதும் செய்தியும் வடிந்துவிடும். இதே நகரம் வெப்பத்தை முற்றிலும் வேறொரு முறையில் பதிவுசெய்த வரலாறும் உடையது.

சுவாதித் திருநாள் 1837இல் இங்கு வானாய்வகம் ஒன்றை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட், 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை நிலத்தடி வெப்பநிலையை அளந்தார். எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1837இல் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சி அது. வெப்பமானியை மண்ணில் ஆழமாகப் புதைக்கும்போது ஒரு நாள் வெயிலின் தாக்கம் அதனை எட்டுவதில்லை; பருவங்களின் ஏற்ற இறக்கம் மட்டுமே, அதுவும் காலந்தாழ்ந்து, வந்து சேரும். இன்னும் ஆழத்தில் நூற்றாண்டுகளின் மாற்றமே எஞ்சும். இதே இயற்பியலைக் கொண்டுதான் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத் துளையில் எடுத்த அளவீடுகளிலிருந்து கடந்த காலத் துருவ வெப்பநிலையை 1998இல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

பேரிடருக்கு மக்கள் நினைவில் பெயர் உண்டு. 1924 ஜூலை வெள்ளம் கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' எனப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது ஊடகங்கள் அதனையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டன. மெல்ல உயரும் சராசரி வெப்பநிலைக்கு அத்தகைய பெயர் வாய்ப்பதில்லை. சொல்லாட்சியும் இதற்குத் துணைபோகிறது. இன்றைய தமிழ் வானிலை, காலநிலை என இரண்டையும் பிரிக்கிறது. மலையாள இதழ்களிலோ நாளைய மழையின் முன்னறிவிப்பும் நூற்றாண்டு மாற்றமும் 'காலாவஸ்த' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

துருவச் செய்திகளிலும் இதே நிலைதான். 2022 மார்ச் 18 அன்று கிழக்கு அண்டார்டிகாவின் கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை அப்பருவத்தின் இயல்பைவிட 38 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்ந்தது. உலகெங்கும் அது தலைப்புச் செய்தியாயிற்று. ஈரக்காற்றை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற வளிமண்டல ஆறு அதன் உடனடிக் காரணம். அந்த ஒரு நாளை மட்டும் கொண்டு அண்டார்டிகாவின் நீண்டகாலப் போக்கை உரைக்க இயலாது. மாறாக, 1979 முதலான நாற்பதாண்டுத் தரவுகளைத் திரட்டியே ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ 4 மடங்கு வேகத்தில் வெப்பமடைகிறது என்ற முடிவு 2022இல் எட்டப்பட்டது. அம்முடிவுக்குப் படம்பிடிக்கத்தக்க ஒரு நாள் இல்லை.

தம்பானூருக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். அங்கு நீர் தேங்குவதற்கு மழையின் அளவு மட்டுமன்று, நிலத்தின் தாழ்வும் ஆமையிழஞ்சான் தோட்டின் அடைப்பும் காரணங்கள். 2015இல் 'ஆப்பரேஷன் அனந்தா' நடவடிக்கை வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்ற முனைந்தது அதனாலேயே. ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதினால் தூர்வாராத வடிகாலுக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வடிகாலை மட்டுமே பேசினால், வெப்பமடைந்த காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கவல்லது என்பது விடுபட்டுப்போகும். எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, இடைவெளியின்றி எழுதப்பட்ட பல்லாண்டுப் பதிவேடு வேண்டும். கால்டெகாட் காலத்துத் திருவனந்தபுரம் அதற்குரிய பொறுமையைக் கைக்கொண்டிருந்தது.