மார்த்தாள் நிற்கும் இடம்

மார்த்தாளைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்காத சபைப் பெண் இருக்க முடியாது. லூக்கா 10ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்கள்தாம் கதை. இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். விருந்து வேலை முழுவதும் மார்த்தாள் தலையில். தாங்கமாட்டாமல் அவள் வந்து முறையிடுகிறாள். அவரோ, மரியாள் தேர்ந்துகொண்டதை அவளிடமிருந்து பிடுங்கச் சம்மதிக்கவில்லை. இதற்கு மேல் பிரசங்க பீடத்திலிருந்து என்ன கேள்வி வரும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்: நீங்கள் மார்த்தாளா, மரியாளா? இருட்டோடு எழுந்து இட்லி அவித்து, பிள்ளைகளைக் கிளப்பி, கோயில் மணி ஓய்வதற்குள் ஓடிவந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் இதைக் கேட்கிறோம். அவர்கள் சொல்ல வேண்டிய பதிலையும் நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பகுதியை நான் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கியது ஓர் ஓவியத்தால். டியேகோ வெலாஸ்கெஸ் 1618இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் வரைந்தது. வயது அப்போது இருபதைத் தொடவில்லை. மார்த்தாள், மரியாள் வீட்டில் கிறிஸ்து இருக்கும் காட்சி என்று அதற்குப் பெயர். ஆனால் படத்தின் எதிரே போய் நின்றவுடன் கண்ணில் படுவது கிறிஸ்து அல்ல, மீன். மேசைமேல் ஒரு தட்டில் நான்கு மீன்கள், செதிலின் ஈரம் காயாமல். இன்னொரு தட்டில் இரண்டு முட்டை. சிதறிக் கிடக்கும் பூண்டு, ஒரு மண்சாடி, சுருங்கிப்போன ஒரே ஒரு மிளகாய் வற்றல். மேசைக்கு அந்தப் பக்கம் இளம்பெண் ஒருத்தி பித்தளை உரலில் இடித்துக்கொண்டிருக்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது, அழுதுவிடுவாளோ என்று தோன்றும் முகம். அவள் பின்னால் ஒரு கிழவி விரலை நீட்டி என்னவோ எடுத்துச் சொல்கிறாள். படத்தின் வலது மேல்மூலையில் சின்னதாக ஒரு சதுரம். அதற்குள் நாற்காலியில் கிறிஸ்து, காலடியில் மரியாள், பக்கத்தில் நிற்கும் ஒரு பெண். அது சுவரில் திறந்த சாளரமா, மாட்டிய படமா, எதிர்ப்புறத்தைக் காட்டும் கண்ணாடியா என்று அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

(அந்த வற்றல் கொலம்பஸின் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்கு. போர்த்துகீசியர் வழியாக நம் அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது. ஒற்றை வற்றலை வைத்துக்கொண்டு நாலு மீனை என்ன செய்வாள் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. படத்தை 1892இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு உயில் எழுதி வைத்தவர் வில்லியம் கிரகரி. 1872 முதல் 1877 வரை இலங்கை ஆளுநராக இருந்தவர். கொழும்பு அருங்காட்சியகத்தின் முன் சிலையாக நிற்பவரும் அவரே.)

வேதாகமச் சம்பவத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு மீனையும் பூண்டையும் நடுவில் வைத்தது துணிச்சலா, பக்தி இல்லாமையா? அந்த ஊரில் அந்த ஆண்டில் அது பக்தியற்ற செயலாக இருந்திருக்க வழியில்லை. வெலாஸ்கெஸின் ஆசிரியரும் மாமனாருமான பிரான்சிஸ்கோ பாசெகோ, செவிலில் வரையப்படும் சமயப் படங்களைச் சமய விசாரணை மன்றத்துக்காக மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றது அதே 1618இல்தான். அப்படிப்பட்டவர் வீட்டு மருமகன் விளையாட்டாகத் தூரிகை எடுத்திருக்க மாட்டார். இந்த அமைப்பும் அவர் கண்டுபிடித்தது அல்ல. நெதர்லாந்து ஓவியர் பீட்டர் ஆர்ட்சன் 1552இலேயே பெரிய இறைச்சித் தொடை ஒன்றை முன்னால் போட்டு, இதே மார்த்தாள் கதையைத் தூரத்தில் சிறிதாக வரைந்திருக்கிறார். அது இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஆர்ட்சன் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர் மனத்தில் தங்குவது இறைச்சி. வெலாஸ்கெஸ் படத்தில் தங்குவது அந்தப் பெண்ணின் முகம். என் கணக்கில் இளைஞரின் படமே மேல்.

அவள் யார்? மார்த்தாளேதான் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. மார்த்தாள் அந்தச் சதுரத்துக்குள் ஏற்கெனவே நிற்கிறாள். முன்னால் நிற்பவள் செவில் நகரத்து வீடு ஒன்றில் வேலை செய்யும் பெண். மார்த்தாள் கதையைக் கிழவி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதை கேட்டு அவள் முகம் மலரவில்லை, வாடுகிறது. நம் கோயில் பாய்களில் நான் பார்த்திருக்கும் முகம்தான். படம் நம்மை நிறுத்தி வைத்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மரியாளோடு உள்ளே உட்கார நமக்கு இடம் இல்லை. மேசையின் இந்தப் பக்கம், மீன் வாடை அடிக்கும் தூரத்தில் நிற்கிறோம். கிறிஸ்துவைப் பார்க்க வேண்டுமானால் அடுப்படியைக் கடந்துதான் கண் போக வேண்டும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போயிருக்காது. அவிலா தெரேசா 1575இல் செவிலிலும் ஒரு கார்மேல் மடத்தை நிறுவியவர். 1614இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் 1622இல் புனிதர் பட்டமும் கொடுக்கப்பட்டன. இந்த ஓவியம் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் பிறந்தது. கீழ்ப்படிதல் உங்களைச் சமையலறைக்கு அனுப்பினால் வருந்த வேண்டாம், ஆண்டவர் அங்கே சட்டிபானைகளுக்கு நடுவிலும் உலாவுகிறார் என்று தம் கன்னியருக்கு எழுதியவர் அவர். இன்னோர் இடத்தில், மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தால்தான் ஆண்டவருக்கு விருந்து செய்ய முடியும் என்று வாதிடுகிறார்: காலடியிலேயே உட்கார்ந்திருக்கும் மரியாள் அவருக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பாள்? தெரேசாவுக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே ஜெர்மன் துறவி எக்கார்ட், இருவரில் பழுத்தவள் மார்த்தாள், மரியாள் இன்னும் கற்றுக்குட்டி என்கிற அளவுக்குப் போனார். அது சற்று அதிகம்தான்.

தெரேசாவின் அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல, அசனப் பண்டிகையில். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளை அறிந்தவர்களுக்கு அசனத்தை விளக்க வேண்டாம். கோயிலுக்குப் பின்னால் ஓலைப்பந்தல், வரிசையாக விறகடுப்பு, ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற அண்டாக்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனையில் அவர்களும் பங்குபெறட்டும் என்று ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைப் பந்தல் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். அன்றைய செய்தி, வேறென்ன, மார்த்தாள்தான். வெங்காயக் காந்தலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியம்மா சொன்னார்: "ஐயரவாள் இன்னைக்கும் மார்த்தாளத்தான் புடிச்சிருக்காவ. அவளும் அன்னைக்குப் போயி உக்காந்திருந்தா பதிமூணு பேருக்கும் யாரு சோறு பொங்கிப் போட்டிருப்பா?" பந்தல் முழுக்கச் சிரிப்பு. குழாயில் செய்தி தொடர்ந்தது. அந்தப் பெரியம்மாவும் சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், கை நிற்காமல்.

பெரியம்மாவின் பக்கம் லூக்காவே ஓரளவு நிற்கிறார். மார்த்தாள் கதைக்கு நேர் முன்னே அவர் வைத்திருப்பது நல்ல சமாரியன் உவமை. அடிபட்டவனுக்குக் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, பணமும் கொடுத்த ஒருவனைக் காட்டி, நீயும் போய் அப்படிச் செய் என்று அனுப்பும் உவமை. நேர் பின்னே வருவது சீஷருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம். உழைப்பை மெச்சி முடித்த அடுத்த மூச்சிலேயே இயேசு உழைப்பவளைக் குறைவாகப் பேசினார் என்று வாசித்தால் அந்த வரிசையே குலைந்துவிடும். மார்த்தாளின் கவலையையும் பதற்றத்தையும் அவர் கண்டிக்கிறார். மரியாளை எழுப்பி அனுப்பவும் மறுக்கிறார். ஆசானின் காலடி என்பது மாணாக்கனின் இடம், அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வா என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. மார்த்தாள் என்ன பதில் சொன்னாள் என்பதையும் லூக்கா எழுதாமல் விட்டுவிட்டார்.

மார்த்தாளின் பின்கதை யோவானிடம் இருக்கிறது. பிரசங்கங்கள் அங்கே அதிகம் போவதில்லை. சகோதரன் லாசரு இறந்து நான்காம் நாள் இயேசு வருகிறார் என்று கேட்டதும் எதிர்கொண்டு போகிறவள் மார்த்தாள். மரியாள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். வழியில் வைத்து, அவரே கிறிஸ்து, தேவகுமாரன் என்று அறிக்கை செய்கிறாள். மத்தேயுவில் பேதுரு செய்யும் அறிக்கைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. அதே வாயால் கொஞ்ச நேரத்தில், கல்லறைக் கல்லைப் புரட்ட வேண்டாம், நாலு நாளாயிற்று, நாறும் என்றும் சொல்கிறாள். பாலையும் மீனையும் எத்தனை நாள் வைக்கலாம் என்று தெரிந்த ஒருத்தியின் பேச்சு அது. அடுத்த அதிகாரத்தில் பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு மறுபடி ஒரு விருந்து. மார்த்தாள் பரிமாறுகிறாள். முறையீடு எதுவும் இல்லை, யாரும் அவளைத் திருத்தவும் இல்லை. இந்த முறை மரியாளைக் குறை சொல்வது யூதாஸ்.

ஓவியர் பிரா ஆஞ்சலிகோ இதையெல்லாம் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். புளோரன்ஸ் நகரின் சான் மார்க்கோ மடத்தில், துறவி ஒருவர் தங்கும் சிற்றறைச் சுவரில் கெத்செமனே காட்சியை வரைந்திருக்கிறார். தோட்டத்தில் சீஷர்கள் உறங்குகிறார்கள். முன்பக்கம் ஒரு வீடு. அதற்குள் இரண்டு பெண்கள் விழித்திருக்கிறார்கள், ஒருத்தி புத்தகத்தோடு, ஒருத்தி கைகூப்பி. யாரென்று சந்தேகம் வேண்டாம், ஒளிவட்டத்திலேயே மார்த்தாள், மரியாள் என்று எழுதி வைத்துவிட்டார். கெத்செமனேயில் இவர்கள் இருந்ததாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. சகோதரிகளை எதிரெதிராக நிறுத்துவதில் மட்டும் அவருக்கு விருப்பம் இருந்திருக்காது என்று தெரிகிறது.

நம் வீடுகளில் வேதத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் வாக்குத்தத்த அட்டைதான். புத்தாண்டு ராத்திரி தட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறோம். அந்த வருஷத்துக்கு அது நம் வசனம். இதை நான் கேலி செய்யவில்லை. என் பர்சிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அட்டையில் வருவது சம்பவம் கழன்றுபோன வசனம். யார் யாரிடம் எந்த வீட்டில் சொன்னது என்பதெல்லாம் போய்விடும். வெலாஸ்கெஸ் செய்தது இதற்கு நேர் எதிர். சம்பவத்தை முழுசாக வைத்துக்கொண்டு, தன் ஊர்ச் சமையலறைக்குள் ஒரு சதுரம் வெட்டி அதைத் திறந்து காட்டினார். கதைக்குள் எங்கே நிற்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது; தெரிவதால்தான் முகம் வாடுகிறது. அந்த வாட்டத்திலிருந்து அவள் இயேசுவிடம் ஏதாவது கேட்கலாம், மார்த்தாள் கேட்டதைப் போல. கேட்டவளுக்குப் பெயர் சொல்லி, அதுவும் இரண்டு தரம் பெயர் சொல்லி, பதில் கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

கத்தோலிக்கத் திருச்சபை 2021 முதல் ஜூலை 29ஐ மார்த்தா, மரியா, லாசர் மூவருக்குமான நினைவுநாளாக்கியிருக்கிறது. முன்பு அது மார்த்தாவுக்கு மட்டும் உரிய நாள். நம் சபைகளில் அந்தத் தேதிக்கு வழக்கம் ஒன்றும் இல்லை. பெண்கள் ஞாயிறு இருக்கிறது. லூக்கா 10இன் அந்த ஐந்து வசனங்களை அன்றைக்குப் பாடமாக வைத்து, அசனப் பந்தலில் வேலை செய்யும் பெண்களில் ஒருவரைச் செய்தி கொடுக்கச் சொல்லிக் குருவானவரிடம் கேட்கலாம். அன்றைய அடுப்பு வேலையை ஆண்கள் ஐக்கியம் பார்த்துக்கொள்ளும்.