தவிட்டுக்குக் கட்டிய ஆலை

ஊர் மில்லில் நெல் குற்றக் கொடுத்தால் கணக்கை இரண்டு விதமாகத் தீர்க்கலாம். கூலியைக் காசாகக் கொடுத்துவிட்டு அரிசியையும் தவிட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காசு தட்டுப்பாடென்றால் தவிட்டை மில்காரருக்கே விட்டுவிடலாம். திருகோணமலைத் துறைமுகத்தில், சீனன்குடாப் பக்கம் நிற்கும் பிறிமா மா ஆலை இந்த இரண்டாவது கணக்கில் பிறந்தது. மில்காரர் ஒரு சிங்கப்பூர்க் கம்பனி. காசில்லாமல் வந்து நின்றது இலங்கை அரசாங்கம்.

சோறும் பாணும் அரசாங்கங்களைக் கவிழ்க்கும் நாடு இது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஹர்த்தால் வெடித்தது. டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டுப் போனார். 1973-74இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒன்றாக ஏறின. பாணுக்காகச் சனம் விடியமுன்னமே பேக்கரி வாசலில் வரிசையில் நின்றது. 1977 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தோற்றதற்கு அந்த வரிசைகளும் ஒரு காரணம். அடுத்து வந்த ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு அது தெரியாமலிருக்காது.

அந்தக் காலத்தில் கோதுமை மாவின் பெரும்பகுதி வெளிநாட்டில் அரைபட்டு, மூட்டையாகக் கப்பலில் வந்தது. 1954ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு உதவிச் சட்டம் வழியாகவும் நிறைய வந்ததால், எங்கள் அடுப்படிகளில் அதற்கு ‘அமெரிக்கன் மா’ என்றே பெயர். அவித்து, அரித்து, இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் போகும். மலையகத்துத் தோட்டங்களில் ரொட்டியாகும். கொழும்பு முகத்துவாரத்தில் சோவியத் உதவியோடு கட்டிய அரச ஆலை ஒன்று இருந்தது. நாட்டின் தேவைக்கு அது காணாது.

மாவாக வாங்குவது நட்டக் கணக்கு. அரைப்புக் கூலி வெளியே போகும், தவிடும் அங்கேயே நின்றுவிடும். மூட்டை கட்டி ஏற்றி இறக்கும் செலவு வேறு. கிடங்கில் கொஞ்சம் சுணங்கினால் வண்டு வைக்கும். கோதுமையாகவே கொண்டுவந்து இங்கே அரைப்பதுதான் வழி என்று எல்லாருக்கும் தெரியும். ஆலை கட்ட டொலர் எங்கே?

1977இல் பிறிமாவோடு செய்த ஒப்பந்தம் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கோதுமை அரசாங்கத்தின் பொறுப்பு. ஆலையையும் தானியக் கோபுரங்களையும் கம்பனி தன் காசில் கட்டும். அரைத்த மா அரசாங்கத்துக்கு. கூலியாகக் கம்பனி தவிட்டை எடுத்துக்கொள்ளும். குறித்த காலம் முடிந்ததும் ஆலை அரசாங்கத்தின் கைக்கு வரும். கட்டு, நடத்து, ஒப்படை என்ற இந்த ஏற்பாட்டுக்கு உலகம் பெயர் வைத்தது 1980களில், துருக்கியின் துர்குத் ஓசால் காலத்தில்தான். சீனன்குடாவில் ஆலை 1980இலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

தவிட்டுக்கா இவ்வளவு பெரிய ஆலை என்று கேட்கத் தோன்றும். நூறு தொன் கோதுமையை வெள்ளை மாவாக அரைத்தால் ஏறத்தாழ எழுபத்தைந்து தொன் மா வரும். மிச்சத்தில் பெரும்பகுதி தவிடு. நாற்பதாயிரம் தொன் சுமந்து ஒரு கப்பல் வந்தால், அதில் பத்தாயிரம் தொன் வரை கம்பனியின் பங்கு. அந்த நாள் இலங்கையில் அவ்வளவு தவிட்டைக் காசு கொடுத்து வாங்கும் தீவனச் சந்தை இருக்கவில்லை. இங்கே அதற்கு விலை குறைவு. அதையே வில்லைகளாக அழுத்திக் கப்பலேற்றினால் கால்நடைத் தீவனம், டொலருக்கு விற்கும். பேரம் படிந்ததன் காரணம் இதுதான்: ஒரே தவிட்டுக்கு இரண்டு கரையிலும் இரண்டு விலை.

தவிட்டைக் கூலியாகப் பெறுகிறவருக்கு மாவைக் கொஞ்சம் தவிட்டோடு ஒட்டவிட்டால் இலாபம். அதனால் இப்படியான ஒப்பந்தங்களில் இத்தனை தொன் கோதுமைக்கு இத்தனை தொன் மா தரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். அந்த ஓட்டையை அடைக்கலாம். அடைக்க முடியாத ஓட்டை ஒன்று உண்டு. கோதுமை கூடக்கூடத் தவிடும் கூடும். சனம் எவ்வளவுக்குப் பாண் தின்கிறதோ அவ்வளவுக்கு ஆலைக்கு நல்லது. அதே அரசாங்கம் அதே ஆண்டுகளில் நெல்லில் தன்னிறைவு காணவென்று மகாவலித் திட்டத்தை முடுக்கிக் கோடிகோடியாகக் கொட்டியது. ஒரு கையால் நெல்லுக்கு நீர், மறு கையால் கோதுமைக்கு ஆலை. சீனன்குடாவில் மா ஏற்றிய ரயில், தம்பலகாமத்து வயல்களையும் கந்தளாயையும் கடந்துதான் கொழும்புக்குப் போகும். அந்த வயல்காரரின் நட்டம் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் வரவில்லை.

இடத்தெரிவைக் குறைசொல்ல முடியாது. பெரிய தானியக் கப்பல் கரையை ஒட்டி வர ஆழம் வேண்டும். இந்தத் துறைமுகத்துக்கு அது இயற்கையாகவே வாய்த்தது. ரயில் பாதையும் பக்கத்தில். ஆனால் மாவைத் தின்னும் சனத்தில் பெரும்பங்கு தீவின் மறுகோடியில். ஆலை தொடங்கி மூன்றாம் ஆண்டில் போரும் வந்தது. அப்படியிருந்தும் நாட்டுக்கு மா இங்கேயிருந்து போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், இவ்வகை ஆலைகள் இயந்திரத்தால் ஓடுபவை. பருமனுக்கு ஏற்ற அளவு ஆட்கள் தேவைப்படாது.

இதே சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படை போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, மிஞ்சியவை 99. அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடுமண்டிக் கிடந்தன. 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டுக் கடிதங்களிலும் அவற்றைப் பற்றிப் பேச்சு உண்டு. 2022 ஜனவரியில்தான் அவற்றை இரு நாட்டு நிறுவனங்களுக்கும் இடையே பங்கு பிரித்தார்கள். மா ஆலை அப்படிக் கிடக்கவில்லை. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் தவிடு இல்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களை மெச்சலாம்.

ஒப்படைக்கும் கட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 2001இல் ஆலை பிறிமாவுக்கே விற்கப்பட்டது. தவிட்டுக் கூலிக் கணக்கு முடிந்தது. கோதுமையை வாங்குவதும் மாவை விற்பதும் கம்பனியின் வியாபாரமாயின. 2008இல் கொழும்புத் துறைமுகத்தில் செரண்டிப் ஆலை வரும்வரை சந்தையில் அதற்குச் சமமான போட்டியாளர் கிடையாது. மா விலை ஏறும்போதெல்லாம் பாண் விலை, பாண் விலையோடு அரசியல்.

2022இல் ஆலை இருந்தது, துறையும் இருந்தது. கோதுமை வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி உலக விலை எகிறியது. மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. அரைப்புக் கூலியை யார் கொடுப்பது என்பதற்கு 1977இல் கெட்டிக்காரப் பதில் கண்டார்கள். கோதுமைக்கான டொலருக்கு அப்படியொரு பதில் கிடைக்கவில்லை. அரிசிக்குத் திரும்புவோமென்றால், முந்தைய ஆண்டின் இரசாயன உரத் தடையால் வயல்களில் நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. அந்த ஆண்டு அரிசியும் கப்பலில்தான் வந்தது.