வளையமும் உரைகல்லும்

இயற்கை தன் இரகசியங்களைத் தானாக உரைப்பதில்லை. மனிதன் தன் கையால் செய்து பார்த்தே அவற்றை அறிந்து வந்துள்ளான். செயலே அறிவின் உரைகல் என்னும் இவ்வுண்மையைத் தத்துவ நூல்களில் மட்டுமன்றி இரசாயன ஆய்வுகூடத்திலும் நாம் காணலாம். உலோக அயனைப் பற்றிக்கொள்ளும் வலினோமைசின் என்னும் வளைய மூலக்கூறின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

1955ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் ஹான்ஸ் புறொக்மனும் அவர்தம் துணைவரும் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பிற நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் இதற்கு இருந்தது. எட்டு அலகுகள் கோத்த வளையமே இது என அவர்கள் கருதினர். மொஸ்கோவில் மிகயில் ஷெமியாகினின் குழுவினர் அந்த எட்டலகு வளையத்தைச் செயற்கையாக ஆக்கிப் பார்த்தனர். அது வலினோமைசினாக அமையவில்லை. உயிரியல் ஆற்றலும் அதற்கு இருக்கவில்லை. அடுத்துப் பன்னிரண்டு அலகு வளையத்தை ஆக்கினர். அது இயற்கைப் பொருளுடன் முற்றும் பொருந்திற்று. ஏட்டில் நின்ற அமைப்பை 1963இல் கைவினை திருத்தியது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவரும், பெப்டைட்டுச் சங்கிலி எவ்வெவ்வாறு மடியக்கூடும் என்பதைக் கணக்கிட்டு வரைபடமாக்கினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வளையத்தில் அமினோ அமிலமும் ஐதரொட்சி அமிலமும் மாறிமாறி வருகின்றன. ஆகவே பெப்டைட்டுப் பிணைப்புகளுடன் எஸ்தர்ப் பிணைப்புகளும் இதில் உள்ளன. அதன் வினை என்ன? 1964இல் அமெரிக்காவில் மூரும் பிரெஸ்மனும் அது உயிரணுவின் இழைமணிகளுள் பொற்றாசியத்தைப் புகுத்துவதைக் கண்டனர். பொற்றாசிய அயன் தன்னைச் சூழ்ந்த நீரை உதறி உள்ளே வர, வளையத்தின் ஆறு ஒட்சிசன் அணுக்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. சோடிய அயன் சிறியது. ஆறு ஒட்சிசன்களும் அதனை ஒருங்கே எட்ட இயலாது. எனவே பொற்றாசியத்தின்பால் அதற்குள்ள பற்று ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. வளையத்தின் புறம் எண்ணெய்த்தன்மை உடையது. அதனால் சுமையோடு உயிரணு மென்சவ்வைக் கடந்துவிடுகிறது. பொற்றாசியத்தைக் காத்துநிற்கும் அரண் இவ்வாறு குலைந்தால் நுண்ணுயிர் மடிகிறது.

நஞ்சாய் நின்ற இப்பண்பையே மனிதன் கருவியாக்கினான். 1960களின் இறுதியில் சூரிச் நகரில் வில்ஹெல்ம் சைமனின் குழுவினர் வலினோமைசினைக் கொண்டு பொற்றாசியத்தை அளக்கும் மின்வாயை அமைத்தனர். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் இரத்தப் பொற்றாசியத்தை அளக்க இம்முறை பயன்படுகிறது. சிறுநீரகம் செயலிழந்தால் பொற்றாசியம் இரத்தத்தில் ஏறும். மிக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

பேராதனையில் பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும் இது அயலார் கதையன்று. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் குடியேறிய அவ்வளாகத்தினூடே மகாவலி ஓடுகிறது. கண்டிக்கு அப்பால் பொல்கொல்லையில் 1976 முதல் அதன் நீரின் ஒரு பகுதி சுரங்கவழியே வடக்கே உலர்வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. அவ்வுலர்வலயத்தின் வடமத்திய மாகாணத்தில்தான் 1990களில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் உழவர்களைப் பற்றியது வெளிப்பட்டது. நிலத்தடி நீரின் புளோரைட்டு, நீரின் வன்மை, பீடைகொல்லிகள், பார உலோகங்கள், கடும் வெயிலில் உழைப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. பேராதனை ஆய்வாளரும் இதில் உழைத்துள்ளனர். ஒருமித்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

மின்வாய் நோயின் அளவைச் சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. எட்டலகு வளையம் ஏட்டில் எவ்வளவு பொருத்தமாய்த் தோன்றிய போதிலும், செய்து பார்த்தவர்கள் அதனைக் கைவிட்டார்கள். உழவனின் நோய்க்குச் சொல்லப்படும் ஒவ்வொரு காரணமும் அதே உரைகல்லில் உரைக்கப்படுதல் வேண்டும். நாட்டின் வரிப்பணத்தில் இலவசக் கல்வி பெற்ற நாம் அவ்வயல்களுக்குப் பட்ட கடன் அதுவே.