கீழக்கரையின் கொழும்புக் கடையும் மண்டபத்தின் பாசி மிதவையும்

கையில் முதல் இல்லாதவர் தொழில் தொடங்க, தெரிந்த மனிதர்கள்தான் முதல். இராமநாதபுரம் கடற்கரையில் இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று கீழக்கரையின் கடல்வணிக முஸ்லிம்களான மரைக்காயர்களின் வணிகம். மற்றொன்று மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்களின் கடற்பாசி வளர்ப்பு.

கீழக்கரையின் கதை பழையது. 17ஆம் நூற்றாண்டில் சீதக்காதி, சேதுபதி மன்னரின் நட்போடு கடல் வணிகத்தில் ஓங்கி நின்றார். பிற்காலத்தில் முத்தும் சங்கும் போய், கொழும்பில் மணிக்கல் கடைகள் வந்தன. மீசை முளைக்காத பையன் மாமா கடைக்கோ மச்சான் கடைக்கோ கப்பலேறுவான். கடையைக் கூட்டுவான், தேநீர் வாங்கி வருவான், ராத்திரி அங்கேயே படுப்பான். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும், வந்தவர் வாங்குவாரா மாட்டாரா என்று முகத்தை வைத்துச் சொல்லவும் அங்கேதான் பழகினான். தேறிவிட்டால் நாலு கல்லை நம்பிக் கொடுப்பார்கள்: விற்றுவிட்டுப் பணம் கொடு என்று. பத்திரம் கிடையாது. ஏமாற்றினால் சேதி அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். பிறகு அவன் வீட்டில் சம்பந்தம் பேச ஆள் வராது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே இருத்தும் வழக்கமும் இந்த ஊரில் உண்டு. ஆகவே ஒருவருக்குப் பிறந்த வீட்டு உறவும் மனைவி வீட்டு உறவும் சேர்ந்தே கைகொடுத்தன.

இந்த ஊரில் 1927இல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் கொழும்பு மணிக்கல் வணிகத்திலிருந்து ஹாங்காங் போனார். 1973இல் துபாயில் அல் குரைர் குடும்பத்தோடு கூட்டாக ஈடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தபந்தம் கொடுத்தது கடை. பெரிய நிறுவனத்துக்கு வழிவிட்டது வெளியார் நட்பு. அதே 1973இல்தான் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகவே புதுச் சேதி வருகிறது என்று எழுதினார். கீழக்கரை வணிகர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பாசிப் பெண்களுக்குக் கொழும்பு மாமா இல்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பிடுங்கி வியாபாரியிடம் கொடுத்து வந்தார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவான பின் கெடுபிடி கூடியது. 2000க்குப் பிறகு வேறு வழி திறந்தது. மண்டபத்திலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் பெருக்கிய கப்பாபைகஸ் பாசியைப் பெப்சி நிறுவனம் வளர்க்கச் சொல்லி வாங்கிக்கொண்டது. மகளிர் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. ஊரில் அதற்குப் பெயரே பெப்சி பாசி. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி நாற்றுச் செருகினால் 45 நாளில் அறுவடை. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றை அறுக்கலாம். மிதவையைத் தனியாக ஒருத்தி கடலில் இறக்க முடியாது. ஐந்து பேர் சேர்ந்த குழு அதற்கும் வேண்டும், கடனுக்கும் வேண்டும்.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கீழக்கரை வலையில் உறவில்லாதவரும் பெண்களும் முதலாளியாக நுழைவது அரிது. குழுவிலோ, நகையும் நிலமும் இல்லாத விதவைகூட தோழிகளின் பொறுப்பில் கடன் வாங்கலாம்.

ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே தண்ணீரில் நிற்கிறார்கள். 2008இல் பெப்சி இந்தத் தொழிலை அக்வாஅக்ரி நிறுவனத்திடம் விட்டுவிட்டது. அதைத் தீர்மானித்த இடத்தில் இவர்கள் இல்லை. 2013 வாக்கில் பாசி பெருமளவில் செத்தபோது ஒருத்திக்குக் கைகொடுக்க அடுத்தவளிடமும் ஒன்றும் இல்லை. கொழும்பில் இந்திய வணிகர்களுக்கு நெருக்கடி வந்தபோது கீழக்கரைக்காரருக்கு ஹாங்காங்கிலும் துபாயிலும் ஆள் இருந்தது. சொந்தம் நெருக்கமாக இருந்ததைவிட, அது பல துறைமுகங்களில் சிதறிக் கிடந்ததுதான் அவர்களைக் காத்தது என்று நினைக்கிறேன்.

2023 செப்டம்பரில் இதே மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாற்றும் பயிற்சியும் அங்கே கிடைக்கட்டும். அதோடு, குழுத் தலைவிகளை மானாமதுரையிலுள்ள அக்வாஅக்ரி ஆலைக்கும் குஜராத் கடற்கரைக்கும் அழைத்துப் போக வேண்டும். பாசியிலிருந்து கராஜினன் என்ற கூழ்ப்பொருளும் திரவ உரமும் எடுப்பவர்களோடு அவர்களே உட்கார்ந்து விலை பேச வேண்டும். வாங்குபவர் இரண்டு மூன்று பேராவது இல்லாமல் இன்னொரு கடனை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.