தட்டில் ஏறாத ஊர்: பினாங்கு ஜாஸும் அதைத் தேடி எடுத்தவர்களும்

பினாங்கில் ஜாஸ் வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாமலே மறைந்துவிட்டார்கள். 1930களிலிருந்து 1960கள் வரை இந்தத் தீவில் இசைக்குழுக்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஹோட்டல் நடனக்கூடங்கள், கிளப் விருந்துகள், நியூ வேர்ல்டு போன்ற கேளிக்கைப் பூங்காக்கள், பங்சாவான் நாடக மேடைகள் என்று வாரம் முழுக்க வாத்தியங்கள் முழங்கிய ஊர் இது. ஆனால் இங்கே ஜாஸ் தட்டு சேர்ப்பவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் நியூயார்க் இருக்கும், சிக்காகோ இருக்கும், ஜார்ஜ்டவுன் இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்ப இம்மாநிலத்தில் ஒரு விழா, ஒரு நூல், ஓர் இசை இல்லம் என மூன்று முயற்சிகள் அடுத்தடுத்து எழுந்தன. கடலுக்கு இந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் வெளிவரும் நம் மலரிலும் அவற்றின் வரலாறு இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். நம் தமிழர் பங்கும் அதில் இருக்கிறது. அதிகம் பேசப்படாத பங்கு.

முதலில் தட்டைப் பற்றி. உலகின் முதல் ஜாஸ் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1903இல், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் சிங்கப்பூருக்கு வந்து உள்ளூர்ப் பாடகர்களைப் பதிவுசெய்திருந்தார். ஆகவே ஜாஸ் தட்டுகள் கப்பலேறி வந்தபோது மலாயாவுக்குக் கிராமபோன் புதிதல்ல. அந்தக் காலத் தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு கல்கத்தா வழியாக உலகமெங்கும் போய், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டையும் டியூக் எலிங்டனின் குழுவையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிய முடியும். மேடையில் பத்து நிமிடம் ஓடும் பாட்டும் பதிவுக்கூடத்தில் மூன்று நிமிடத்துக்குள் சுருங்கியாக வேண்டும். ஜாஸின் அந்தக் காலச் செறிவுக்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

போருக்கு முன் வந்த மலாய்த் தட்டுகளிலேயே ஃபாக்ஸ்டிராட், ரும்பா தாளங்கள் கலந்துவிட்டன. ஜப்பானியர் ஆட்சியில் அமெரிக்க, ஆங்கிலேயப் பாடல்களுக்குத் தடை விழுந்தது. போர் முடிந்ததும் வாத்தியங்கள் மறுபடி வெளியே வந்தன. அந்தத் தலைமுறையில் மறக்கக் கூடாத பெயர் ஜிம்மி பாய்ல். 1922இல் பினாங்கில் பிறந்த யுரேஷியர், பியானோக் கலைஞர். மலாய் நாட்டுப்புற மெட்டின் சாயலை விடாமல் அதற்கு ஜாஸ் சுரக்கட்டு அமைப்பது அவருடைய வழி. ‘புத்ரா புத்ரி’ போன்ற அவருடைய நாட்டுப்பற்றுப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலர், அவற்றை எழுதியவர் ஒரு ஜாஸ்காரர் என்று அறியாமலே இருந்திருக்கிறார்கள். 1971இல், ஐம்பது வயது நிறையும் முன்பே, அவர் காலமானார். 1929இல் இதே தீவில் பிறந்த பி. ரம்லியின் திரைப் பாடல்களிலும் அந்த நடனக்குழு ஓசை தெளிவாகக் கேட்கும். திரைப்படமும் தட்டும் ரம்லியைக் காப்பாற்றிக் கொடுத்தன. பாய்லுக்கும் அவரோடு வாசித்தவர்களுக்கும் அந்தப் பேறு முழுமையாக வாய்க்கவில்லை.

2004இல் பால் அகஸ்டினும் சின் சூ யீயும் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவைத் தொடங்கினார்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுதியின் புல்வெளியில், ஆண்டு இறுதியில், வெளிநாட்டுக் குழுக்களும் மலேசியக் குழுக்களும் ஒரே மேடையில் ஏறின. ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலையும் நிகழ்ச்சியாக அது நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ‘இந்த ஊரில் முன்பு யார் வாசித்தார்கள்?’ என்ற கேள்வியை அகஸ்டின் விடவில்லை. முதிய இசைக்கலைஞர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் தேடிப்போய்ப் பேசினார். புகைப்படம், நிகழ்ச்சி நிரல், செய்தித்தாள் நறுக்கு, தட்டு என்று சேர்ந்துகொண்டே போனது. ஜேம்ஸ் லாக்ஹெட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஜஸ்ட் ஃபார் தி லவ் ஆஃப் இட்’ 2015இல் வெளிவந்தது. 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கு வெகுசன இசையின் வரலாறு அது. அடுத்த ஆண்டே கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் பாட்டுக்காரர்களுக்காக, கூலிக்கு வாசித்த பேண்டுக்காரர்களையும் சேர்த்து, ஒரு காட்சியகம் எழுவது நம் நாட்டில் அபூர்வம். அரசவை இசைக்கும் கோயில் இசைக்கும் காப்பாளர்கள் உண்டு. சனிக்கிழமை இரவு நடனத்துக்கு வாசித்தவனுக்கு யார் இருந்தார்கள்?

இந்த வரலாற்றில் நம்மவர்களைத் தேடும்போது முதலில் கண்ணில் படுபவர்கள் அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும். பினாங்கில் 1960களின் இறுதியில் தொடங்கி, ஹாங்காங் மேடைகளில் பல ஆண்டு பழகித் திரும்பி, மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்கள். அவர்கள் பாடியது ஜாஸ் அல்ல. ஆனால் ஹோட்டல் மேடையில் இரவுக்கு இரவு எல்லா வகைப் பாட்டையும் வாசித்துத் தேறும் அந்தப் பயிற்சி ஜாஸ்காரர்களிடமிருந்து வந்ததுதான். லோகநாதன் 2007இல் காலமானார்.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு கதை. 1960களின் பிற்பாதியில் சார்லி மரியானோ என்ற பாஸ்டன்காரர், வானொலி இசைக்குழுவோடு பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்தார். சாதாரண ஆள் இல்லை. சார்லஸ் மிங்கஸ் 1963இல் பதிவுசெய்த ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ தட்டில் கதறி அழுவது போல ஒலிக்கும் ஆல்டோ சாக்ஸபோன் அவருடையது. வந்த இடத்தில் அவர் காதில் விழுந்தது நம் கோயில் நாகசுரம். கேட்டவர் அதை வியந்து பாராட்டிவிட்டு விமானம் ஏறிவிடவில்லை. வாசிப்பவரிடம் போய்க் கற்கத் தொடங்கினார். பின்னர் தென்னிந்தியாவுக்கே போய்த் தொடர்ந்து கற்றார். சாக்ஸபோனில் ஒற்றை நாணல். நாகசுரத்தின் சீவாளியோ இரட்டை. உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும் அடியோடு வேறு. நாற்பதைக் கடந்த வயதில், ஊரறிந்த ஒரு வித்வான் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குவதென்றால் அதற்கு எத்தனை பணிவு வேண்டும்! 1976இல் வந்த அவருடைய ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டில் மின்கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நாகசுரம் ஒலிக்கிறது. 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு, ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடு, ‘ஜோதி’யைப் பதிவுசெய்தார். 2009இல் ஜெர்மனியில் மறைந்தார். ஜாஸையும் நம் இசையையும் இணைத்த ஷக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதே. ஆனால் மலேசியத் தமிழ்க் கோயிலொன்றின் வாசலில் தொடங்கி ஐரோப்பிய ஜாஸ் தட்டு வரை போன இந்தப் பயணம் நம் கோயில் மலர்களில்கூட இடம்பெறுவதில்லை.

புக்கிட் தெங்காவுக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தொழிற்சாலை உறவு. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பிறை தொழிற்பேட்டை சோறு போட்டது. அங்கே வீட்டு ஒலிச்சாதனங்களும் ஹெட்போன்களும் செய்த சோனி ஆலையை மூடப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்தபோது அதில் ஏறத்தாழ 3,600 பேர் இருந்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் மைல்ஸ் டேவிஸைக் கேட்ட கருவியை நம் பக்கத்துப் பெண்களின் கைகள் பூட்டியிருக்கின்றன. ஒலிச்சாதன வரலாறு எழுதுபவர்கள் பொறியாளர்களின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் தட்டு சேர்ப்பவர்களுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. அட்டை உறையில் பூஞ்சணம் ஏறினால் தட்டுக்கும் பரவும். அரக்குக்குப் பின் வந்த வினைல் தட்டுகளை அடுக்கிப் படுக்க வைத்தால் வளையும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வினைலைத் துடைக்கப் பயன்படும் ஆல்கஹால் கரைசலை அரக்குத் தட்டில் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பழைய 78 வேகத் தட்டுக்கு அகன்ற முள் தனியாக வேண்டும், எல்.பி. முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

காதையும் பழக்க வேண்டும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் பதிவானபோது முதல் நாள் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுதும் சுருதி ஏறி ஒலித்தது. 1992 வரை உலகம் அதைத்தான் கேட்டது. தம்பூரா வைத்துப் பாடிப் பழகிய ஒருவர் பழைய பதிப்பையும் திருத்திய பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாட்டை உடனே பிடித்துவிடுவார். கர்நாடக இசை கேட்ட காது ஜாஸுக்குத் தடையில்லை. ஒரு கூடுதல் பலம்.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இன்றும் தட்டு தேடுகிறவர்கள் இசையையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் உறையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். விற்ற கடையின் முத்திரை, பரிசளித்தவர் எழுதிய தேதி, ஒரு மூலையில் மங்கிய கையெழுத்து: எந்தத் தெருவில் எந்த ஆண்டில் யார் எதைக் கேட்டார்கள் என்பதற்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி அவ்வளவே. உறை கிழிந்துவிட்டது என்று பலரும் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுப் புகைப்படங்களும் அப்படித்தான். அப்பாவோ தாத்தாவோ பேண்டிலோ வானொலியிலோ வாசித்தவர் என்றால், அவருடைய படத்தின் பின்பக்கத்தில் உடன் நிற்பவர்களின் பெயர்களை இந்த மாதமே பென்சிலால் எழுதிவையுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் முன்பக்கம் ஊறிவிடும்.