உச்சத் தேவையும் மின்கட்டணமும்

மின்சாரத்தை யூனிட் கணக்கில் விற்பதே முறை என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆயினும் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு வரும் கட்டணச் சீட்டில் யூனிட்டுகளுக்குரிய தொகையோடு 'உச்சத் தேவை'க்கென மற்றொரு தொகையும் காணப்படும். அந்த மாதத்தில் ஏதேனும் ஓர் அரைமணி அல்லது கால்மணி நேரத்தில் ஆலை மிகுதியாக இழுத்த மின்திறனுக்கு இடப்படும் விலை அது. இவ்விரட்டைக் கணக்குத் தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1880-களில் இங்கிலாந்தின் நகரங்களில் மின்நிலையங்கள் எழுந்தபோது மின்சாரம் பெரும்பாலும் விளக்கெரிக்கவே பயன்பட்டது. அந்தி சாய்ந்ததும் வீடுகளிலும் கடைகளிலும் ஒருசேர விளக்கேற்றுவர். இரவு முற்றியதும் அணைத்துவிடுவர். எரிவாயுவைத் தொட்டியில் சேர்த்து வைக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் மலிவாகச் சேமிக்க அன்று வழியில்லை. ஆகவே மாலையின் சில மணி நேரத்திற்கென வாங்கிய நீராவி எந்திரமும் டைனமோவும் ஏனைய நேரமெல்லாம் வாளா இருந்தன. வாளா இருக்கும் எந்திரத்திற்கும் கடன் வட்டி உண்டு. கொதிகலனில் கனல் அணையாது காக்கக் கரியும் வேண்டும், ஆளும் வேண்டும்.

இதனைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜான் ஹாப்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். 1892-இல் ஆற்றிய உரையொன்றில் அவர், மின்வழங்கற் செலவை இரு கூறாகப் பகுத்தார். எந்நேரமும் வழங்க ஆயத்தமாயிருப்பதற்கான செலவு ஒன்று. உண்மையில் வழங்குவதற்கான செலவு மற்றொன்று. பத்து விளக்குகளை ஒரு மணி நேரம் எரிப்பவரும், ஒரே விளக்கைப் பத்து மணி நேரம் எரிப்பவரும் கொள்ளும் யூனிட்டு ஒன்றே. ஆனால் முன்னவருக்காக நிலையம் பத்து மடங்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இருவரிடமும் ஒரே விலை வாங்குவது எங்ஙனம் நியாயமாகும்?

கொள்கை சரி, அளப்பது எப்படி? பிரைட்டன் நகர மின்நிலையத்தின் பொறியாளர் ஆர்தர் ரைட் அதற்கொரு கருவி கண்டார். மின்னோட்டத்தால் சூடேறும் கம்பிச்சுருள் ஒரு கண்ணாடிக் குமிழைச் சுற்றியிருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்து திரவத்தைத் தள்ள, அது பக்கக் குழாயில் வழிந்து நிற்கும். நின்ற அளவே உச்சத் தேவை. கணப்பொழுது பாயும் மிகைமின்னோட்டத்தை அது பொருட்படுத்தாது. அவ்வளவு எளிய கருவி! குறிப்பிட்ட அளவிற்கு மேல் நெடுநேரம் விளக்கெரிப்போருக்கு யூனிட் விலை குறைந்தது. 1894-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்திருந்த சிகாகோ மின்நிறுவனத் தலைவர் சாமுவேல் இன்சல், கடைகளில் விளக்குகள் தாராளமாக எரிவதைக் கண்டு வியந்து காரணம் வினவினார். அம்முறையைத் தம் நகருக்கும் கொண்டு சென்றார்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அது சிறிய குறையன்று. கருவி வாடிக்கையாளரின் உச்சத்தைக் காட்டுமேயன்றி, அவ்வுச்சம் எப்போது நேர்ந்தது எனக் காட்டாது. நள்ளிரவில், நிலையம் வாளா இருக்கையில், அடுப்பு மூட்டும் ரொட்டிக்கடைக்காரரும் மாலை நெரிசலில் விளக்கேற்றுபவரைப் போலவே தண்டம் செலுத்தினார்.

நம் நாட்டிலோ உழவரின் பம்புசெட்டுக்கு இதன் மறுகோடியைக் கண்டோம். 1970-களுக்குப் பின் பல மாநிலங்கள் யூனிட் கணக்கையே விடுத்து, மோட்டாரின் குதிரைத்திறனுக்கு மட்டும் கட்டணம் வைத்தன. எவ்வளவு நேரம் ஓடினாலும் தொகை ஒன்றே என்றபோது, மோட்டாரை நிறுத்தக் காரணம் என்ன இருந்தது?

2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. நண்பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. கதிரவன் மறைந்தபின்னரே இடர்ப்பாடு. இதனைக் கருதியே 2023-இல் மைய அரசு விதிகளைத் திருத்தி, நேரத்திற்கேற்ற கட்டணத்திற்கு வழி வகுத்தது. சூரிய ஒளி மிக்க நேரத்தில் விலை குறைந்தது 20 விழுக்காடு குறைய வேண்டும். உச்ச நேரத்தில் வணிகருக்கும் ஆலைகளுக்கும் குறைந்தது 20 விழுக்காடும், வேளாண் இணைப்பு நீங்கலாக ஏனையோருக்குக் குறைந்தது 10 விழுக்காடும் கூட வேண்டும் என்பது விதி. ஆலை தன் வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாலையில் பள்ளிப்பிள்ளை படிக்கும் விளக்கை எந்நேரத்திற்கு மாற்றுவது? வீடுகளுக்கு விகிதத்தைப் பாதியாக வைத்ததில் அவ்வினாவிற்குப் பாதி விடை இருக்கிறது.